தொடைமுக்கோணம்: அதன் அமைப்பும் மருத்துவப் பயனும்

பாரதப் போரின் முடிவில் வீமனது கதையடி தொடையிற் பட்டுத் துரியோதனன் நிலத்தில் வீழ்ந்த செய்தியை அறியாதார் நம்மிடையே இலர். அறம், மறம் பற்றிய வினாக்களை அவ்விடத்தில் எழுப்புவோர் பலர். ஆயின், மார்பும் தலையும் சிதையாத ஒரு பெருவீரன் தொடையடியால் எழவியலாது கிடந்து உயிர்துறந்தது எங்ஙனம் என வினவுவோர் மிகச் சிலரே. இதற்கு உடற்கூற்றியல் தரும் விடை தெளிவானது. தொடையெலும்பு மனித உடலின் மிக நீண்டதும் மிக வலியதுமான எலும்பு. அஃது இடையில் முறியுமாயின், வெளியே ஒரு துளியும் தோன்றாமலே ஒரு லீற்றருக்கு மேற்பட்ட குருதி தொடைத்தசைகளுக்குள் வடிந்துவிடக்கூடும். வளர்ந்த மனிதனின் உடலிலுள்ள குருதியோ ஏறத்தாழ ஐந்து லீற்றரே. இரு தொடைகளும் முறிந்தவனது நிலையை இதனால் உய்த்துணரலாம்.

தொடையின் நடுப்பகுதி இத்தகையதெனின், அதன் மேற்பகுதி இன்னும் நுண்ணியது. கவட்டை அடுத்துள்ள அச்சிறு நிலப்பரப்பில் உடலின் பெருவழிகள் பல, தோலுக்கு அண்மையில் ஒருங்கே செல்கின்றன. ஆதலால் அஃது உயிர் போகும் வாயிலாகவும், உயிர் காக்கும் மருத்துவன் உட்புகும் வாயிலாகவும் விளங்குகின்றது. எனினும் நாணத்தினால் நாம் பேசாது விடும் பகுதியும் அதுவே. அப்பேசாமை சிலவேளை உயிரையே விலையாகக் கொள்ளுமாதலின், ஈண்டு அதனைப்பற்றிச் சிறிது விளக்குவாம்.

இடுப்பின் பக்கத்தே, முன்புறமாகத் துருத்திநிற்கும் எலும்பு முனையை எவரும் தம் விரலால் தொட்டறியலாம். அம்முனையிலிருந்து அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்பை நோக்கிச் சரிவாகச் செல்லும் உறுதியான நார்ப்பட்டியே வயிற்றுக்கும் தொடைக்கும் எல்லையாகும். இதனை முக்கோணத்தின் மேற்பக்கமெனக் கொள்க. வெளிப்பக்கத்தே, இடுப்பு முனையிலிருந்து முழங்காலின் உட்புறம் நோக்கிக் குறுக்கே இறங்கும் ஒடுங்கிய நீள்தசையொன்று உளது. சம்மணமிட்டு அமர உதவுதலால் மேனாட்டார் இதற்குத் தையற்காரத் தசை எனப் பெயரிட்டனர். உட்பக்கத்தே, தொடையை உள்நோக்கி இழுக்கும் நீண்ட தசையின் விளிம்பு அமைந்துளது. இம்மூன்றும் சூழ்ந்த பள்ளமே தொடைமுக்கோணம். இத்தாலிய உடற்கூற்றறிஞர் அந்தோனியோ ஸ்கார்ப்பாவின் பெயரால் இதனை ஸ்கார்ப்பா முக்கோணம் என்றும் வழங்குவர்.

இதனுள் அடங்கியவை நான்கு. வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி வருங்கால் முதலில் நரம்பும், அடுத்து நாடியும், அதனை அடுத்து நாளமும், ஈற்றில் நிணநீர்க் குழாய்கள் செல்லும் சிறு கால்வாயும் உள்ளன. இவ்வரிசையை மனத்திலிருத்த ஆங்கில மாணவர் குறுஞ்சொற்களைப் புனைந்துகொள்வர். தமிழ் மாணவனுக்கோ அத்தொல்லையில்லை. நரம்பு, நாடி, நாளம், நிணநீர் என்னும் நான்கும் அகராதியில் எவ்வரிசையில் வருமோ, அவ்வரிசையிலேயே தொடையிலும் அமைந்துள்ளன. இவற்றுள் நரம்பு நீங்கலாக ஏனைய மூன்றும் ஒரே உறைக்குள் அடங்கியவை. நாளத்தை அடுத்துள்ள கால்வாய் ஏறத்தாழ வெற்றிடமே. காலிலிருந்து குருதி மிகுந்து வரும்போது நாளம் விரிவதற்கு அவ்விடம் உதவுகின்றது.

நாடியின் பயனை முதலிற் காண்போம். இடுப்பு முனைக்கும் பூப்பெலும்பின் நடுவிடத்துக்கும் சரிபாதியில், நார்ப்பட்டிக்குச் சற்றுக் கீழே விரல்களை அழுத்தினால் வலிய துடிப்பொன்றை உணரலாம். கைந்நாடி தளர்ந்து மறைந்த நிலையிலும் இத்துடிப்புப் பலவேளைகளில் எஞ்சியிருக்கும். பச்சிளங் குழந்தையின் தொடையில் இத்துடிப்பு மிக மெலிந்திருப்பின், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி இடையில் ஒடுங்கியிருத்தல் கூடுமென மருத்துவர் ஐயுறுவர்.

1953ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் செல்டிங்கர் ஒரு முறையை வெளியிட்டார். ஊசியால் நாடியைத் துளைத்து, அதனூடே மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை அகற்றியபின் அக்கம்பியின்மேல் நுண்குழாயை ஏற்றுவதே அம்முறை. அறுவையின்றித் தொடைவழியே உள்ளுறுப்புகளின் நாடிகளை எட்ட இதனால் வழி பிறந்தது. 1977இல் சூரிச் நகரில் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் இதயநாடியின் அடைப்பைச் சிறு பலூனால் விரித்ததும் தொடைவழியேதான். இந்நாளில் மணிக்கட்டு வழியும் பெருவழக்காயிற்றெனினும், தொடைவாயில் தன் பயனை இழந்திலது.

குழாய்க்கு வழிவிடும் அந்நாடியே கத்திக்கும் கொம்புக்கும் எளிதில் இலக்காகின்றது. முல்லைக்கலி பாடும் ஏறுதழுவலிலும் ஏற்றின் கொம்புக்கு அஞ்சாத இளைஞரைக் காண்கிறோம். ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற காளைப்போர் வீரர் மனோலெத்தே 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லினாரெஸ் நகரில் வலத்தொடை முக்கோணத்திற் குத்துண்டு, மறுநாள் விடியுமுன் இறந்தார். நாம் காளையோடு பொருதுவதில்லை. ஆயினும் இறைச்சி வெட்டுவோர் கையிலுள்ள கத்தி வழுக்குதலும், வீதி விபத்தில் தகடு கிழித்தலும் எங்கும் நிகழ்வன. இந்நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். ஆதலால், அருகிலிருப்பவர் செய்ய வேண்டுவது என்னை? தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து, கைகளை நேராக நீட்டி, உடற்பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துக. குருதி நின்றதாவென அடிக்கடி துணியை எடுத்துப் பாரற்க. உள்ளே தைத்து நிற்கும் பொருளைப் பிடுங்கற்க. அதன் இருமருங்கும் அழுத்துக. இன்னொருவர் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைப்பாராக. கவட்டின் அருகே காயம் இருப்பின் காலிற் கயிறு கட்டுதல் பயன்படாது. கட்டுவதற்கு அதன் மேலே இடமில்லை. அழுத்தும் கையே ஆங்கு மருந்து.

அடுத்து நிணநீர். வயலில் உழைப்போருக்கு இதனை விரித்துரைக்க வேண்டா. காலில் முள் தைத்துச் சீழ்பிடித்தால் கவட்டில் நெறிகட்டும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பாதத்திலிருந்து வரும் நிணநீரை வடிகட்டும் காவற்சாவடிகளாக அங்குள்ள முடிச்சுகள் அமைந்துள்ளன. நச்சுக்கிருமிகளோடு பொருதுங்கால் அவை வீங்கி நோகின்றன. ஆகவே நெறிகட்டியவரின் பாதத்தையும் விரலிடுக்கையும் முதலிற் பார்த்தல் வேண்டும். நோவின்றி நாளுக்குநாள் வளர்ந்து கடினமாகும் முடிச்சோ வேறு பெருநோயின் அறிகுறியாகலாம். அதனைக் காலந்தாழ்த்தாது மருத்துவருக்குக் காட்டுக. நுளம்பு பரப்பும் யானைக்கால் நோய்ப்புழுக்கள் தங்கிச் சிதைப்பதும் இத்தகைய நிணநீர்க் குழாய்களையே. பொதுச் சுகாதாரப் பிரச்சினையென்னும் நிலையிலிருந்து அந்நோயை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியமை நாம் பெருமை கொள்ளத்தக்கது.

இனி, நான்காவதாகக் கூறிய கால்வாய்க்கு வருவோம். நாளம் விரிய உதவும் அச்சிறு வெற்றிடமே உடலின் ஒரு குறையுமாகும். வயிற்றினுள் அழுத்தம் மிகும்போது குடலின் ஒரு மடிப்பு அதனூடே இறங்கி, கவட்டு மடிப்பின் கீழ் நெல்லிக்காய் அளவில் திரண்டு நிற்கலாம். இதுவே தொடைக் குடலிறக்கம். ஆடவரினும் மகளிருக்கே, அவருள்ளும் முதியோருக்கே, இது மிகுதி. கால்வாயின் வாய் ஒடுங்கியதாயும் அதன் விளிம்புகள் விறைத்தனவாயும் இருத்தலால், இறங்கிய குடல் எளிதில் நெரிபட்டுக் குருதியோட்டம் இழந்து அழுகிவிடும். எம் அயலில் மூதாட்டி ஒருவர் வாந்தியும் வயிற்றுநோவும் மூன்று நாள் வருத்தியும் கசாயத்தையே நம்பிக் கிடந்தார். கவட்டிலிருந்த சிறு கட்டியைப் பற்றித் தம் மகளிடத்தும் அவர் வாய்திறந்திலர். மருத்துவமனையில் கண்டறிந்தபோது குடலின் ஒரு துண்டை வெட்டியகற்ற நேர்ந்தது. அவர் பிழைத்தார், எல்லாரும் அங்ஙனம் பிழைப்பதில்லை. நாணம் நற்பண்பே, ஆயின் மருத்துவர்முன் அஃது உயிர்க்குப் பகையாகிவிடுகின்றது.

நாளமும் நரம்பும் பற்றிச் சில சொல்லி அமைவாம். பன்னாள் அசையாது படுக்கையிற் கிடப்போரின் நாளத்தில் குருதி உறைந்து, அவ்வுறைகட்டி இதயத்தின் வழியே நுரையீரலை அடைத்துவிடக்கூடும். ஒரு கால்மட்டும் திடீரென வீங்கி நோகுமாயின் அதனைச் சுளுக்கென்று எண்ணி உருவித் தேய்த்தல் பெருந்தவறு. நரம்போ மருத்துவனுக்கு வேறொரு வகையில் உதவுகின்றது. வழுக்கி வீழ்ந்து இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்த முதியோருக்கு, அந்நரம்பைச் சூழ மரப்பு மருந்தேற்றி நோவைத் தணிக்கின்றனர்.

இவற்றையெல்லாம் தமிழில் எழுதவியலுமோ எனச் சிலர் ஐயுறலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1858இல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்த கிறே என்பாரின் உடற்கூற்று நூல், கிறீனின் முயற்சியால் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயருடன் தமிழில் அச்சேறியது. பிறநாட்டார் ஒருவர் அன்று நம் மொழியில் தயங்காது கூறியவற்றை, நாம் இன்று நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கூறத் தயங்குவது பொருந்தாது. நம் மருத்துவக் கல்லூரிகள் ஆங்கிலத்திற் கற்பிக்கலாம். குருதி பெருகும் வேளையில் அருகிலிருந்து கைவைத்து அழுத்துபவரும், கட்டியைக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்பவரும் வீட்டிலுள்ளோரே. அவர் அறிந்த மொழியில் இவ்வறிவைக் கொண்டுசேர்ப்பது கற்றோராகிய நமது கடனாகும்.