கிழிந்த வஸ்திரங்களைச் செப்பனிடும் முறை

வேட்டியோ புடவையோ ஒரே நாளில் கந்தையாகிவிடுவதில்லை. வேலி முள்ளில் மாட்டி விரல் நுனியளவு உண்டான கிழிசல், சலவைக் கல்லில் ஓங்கி அடிக்கப்படும்போது ஒரு சாணாக நீண்டுவிடுகிறது. ஆதலால், துவைத்த பிறகு தைத்துக்கொள்ளலாமென்று வைத்திருப்பது தகாது; தைத்த பிறகே துவைத்தல் வேண்டும். மாற்று வஸ்திரம் ஒன்றே உள்ள குடும்பத்தில் இதனால் ஏற்படும் நஷ்டம் அற்பமானதன்று. யுத்த காலத்தில், 1943-ம் வருஷம் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் இந்திய சர்க்கார் கட்டுப்பாட்டு உத்தரவு பிறப்பித்த சமயத்தில், கையில் காசிருந்தவர்களுக்குங்கூடத் துணி எளிதில் அகப்படவில்லை.

சிறு பொத்தல்களுக்கு இழையோட்டுதலே தக்க முறை. இது ஊசியைக் கொண்டு நெய்வதேயன்றி வேறல்ல. நூலின் கனம் துணியின் இழைக்குச் சமமாயிருத்தல் வேண்டும். அத்துணியின் தலைப்புத் தும்பிலிருந்தே உருவிய இழை யாவற்றினும் சிறந்தது. முடிச்சிடாமல், பொத்தலுக்கு வெளியே அரை அங்குல தூரத்தில் நல்ல துணியில் ஊசியைச் செலுத்தி, பாவின் போக்கிலேயே நெருக்கமாக இழைகளை ஓட்ட வேண்டும். பின்னர் ஊடையைப் போலக் குறுக்கே, ஓரிழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாக ஊசியை விட்டு வாங்கினால் பொத்தல் நிரம்பிவிடும். திரும்பும் இடந்தோறும் நூலைச் சிறிது தளர்த்திவிடுதல் அவசியம். புது நூல் நனைந்ததும் சுருங்கும். இறுக்கி இழுத்திருந்தால் அவ்விடம் குவிந்து, சுற்றிலுமுள்ள பழைய இழைகள் அறுந்துபோகும். நெசவாளர் வீட்டுச் சிறுவர்கள் இதனை ஒரு தடவை பார்த்த மாத்திரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

நைந்து இற்றுப்போன இடத்தில் இழையோட்டுவது வீண் உழைப்பு. ஊசி பட்ட இடமெல்லாம் கிழியும். அங்கே ஒட்டுப் போடுதலே வழி. புதுக் கோடித் துணியை அப்படியே வைத்துத் தைப்பவர் பலர். அது முதற் சலவையிலேயே சுருங்கி, தன்னைத் தாங்கி நிற்கும் பழந்துணியையே கிழித்துவிடும். பலமுறை துவைத்த துணியே ஒட்டுக்கு ஏற்றது. அதனைச் சதுரமாகக் கத்தரித்து, பாவின்மேல் பாவும் ஊடையின்மேல் ஊடையும் பொருந்த வைத்து, நைந்த பாகத்தைக் கடந்து உறுதியான இடத்தில் அமையும்படி ஓரங்களை மடித்துத் தைக்க வேண்டும்.

படுக்கை விரிப்பு பெரும்பாலும் நடுவிலேதான் நைகிறது. அதனை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, கெட்டியான கரைகளிரண்டும் நடுவில் சேரும்படி மூட்டி, நைந்த பக்கங்களை ஓரமாக மடித்துத் தைத்துவிட்டால் மேலும் சில காலம் உழைக்கும். மூட்டு முதுகில் உறுத்தாதிருக்க, கரைகளை ஒன்றின்மேலொன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தல் நலம்.