கெத்தும் இலை மூளையில் என்ன செய்கிறது?

பனிக்கட்டி மிதக்கும் தண்ணீருக்குள் கையை விட்டு எவ்வளவு நேரம் தாங்க முடியும்? மலேசியாவின் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) போதைப்பொருள் ஆய்வு மையம் 26 ஆண்களை வைத்து இதைச் சோதித்தது. எல்லாரும் நெடுங்காலமாகத் தினமும் கெத்தும் இலையைக் கொதிக்கவைத்த நீர் குடிப்பவர்கள். குடிப்பதற்குச் சற்று முன் சராசரி 11.2 விநாடி. குடித்து ஒரு மணி நேரம் கழித்து 24.9 விநாடி. போலி பானம் குடித்தபோது மாற்றமே இல்லை. பேராசிரியர் விக்னசிங்கம் குழுவினர் 2020இல் வெளியிட்ட இந்த முடிவில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. சராசரியை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

ஆனாலும் வயலிலும் படகிலும் உடம்பை வருத்தி உழைப்பவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததற்கு ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. அலுப்புத் தெரியாமல் வேலை செய்யத்தான் கெடா, பெர்லிஸ் பக்கம் இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். கெத்தும் மரம் காப்பிச் செடியின் குடும்பம். தமிழ்நாட்டு நீர்க்கடம்புக்கு நெருங்கிய உறவு.

இலையின் முக்கிய வேதிப்பொருள் மித்ராஜினைன். 1921இலேயே எடின்பரோவில் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மூளையில் மார்ஃபின் போய் ஒட்டும் அதே ஏற்பியில் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் குழாயைப் பாதி திருகியதுபோல, அரைகுறையாகவே அதை இயக்குகிறது. நார் அட்ரினலின் தொடர்பான ஏற்பிகளையும் தொடுகிறது. குறைவாகக் குடித்தால் சுறுசுறுப்பு, கூடினால் மந்தம் என்று குடிப்பவர்கள் சொல்வார்கள். கல்லீரலோ இதன் ஒரு பகுதியை 7-ஹைட்ராக்ஸி மித்ராஜினைனாக மாற்றுகிறது. அது பல மடங்கு வீரியமானது.

பழக்கம் முற்றினால் உடம்பு விடாது. மலேசியாவின் வட மாநிலங்களில் 293 பேரிடம் அதே மையம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கடுமையான சார்பு தெரிந்தது. குடிப்பதை நிறுத்தினால் தசைப் பிடிப்பு, வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர். இலைதானே என்று அலட்சியமாகப் பேசுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மலேசியாவில் 2003 முதல் மித்ராஜினைன் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தாய்லாந்து 2021இல் தடையை நீக்கியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜூலையில் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது இலையை அல்ல, அந்த வீரியமான 7-ஹைட்ராக்ஸியைச் செறிவூட்டி விற்கும் மாத்திரைகளை. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பினாங்கில் சோதித்தது கொதித்த இலைநீரை. இலைநீரில் இருமல் மருந்து கலந்து குடிக்கும் பானத்துக்கோ செறிவூட்டிய மாத்திரைக்கோ அந்த 24.9 விநாடியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.