வரப்போரத்து ஆயா மரம்: தோண்டி எடுத்த மரத்தைத் தொட்டியில் பிழைக்க வைப்பது எப்படி?

(அத்தியாயத்தின் பேச்சு, வாசிப்புக்காகச் சற்றுச் சுருக்கி எழுத்து வடிவில்)

மடத்துக்குளத்துல இருந்து பேசறேன். இந்த வாரத் தலைப்பு, நேயர்கள் பல பேர் கேட்டது: விதை போட்டு வளர்க்காம, வெளியில வளர்ந்து நிக்கிற மரத்தையே எடுத்து போன்சாய் பண்ண முடியுமா? முடியும். ஆனா எந்த மரத்தை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாதுங்கறதுதான் இதுல பாதிப் பாடம். மீதிப் பாதி, எடுத்த மரம் சாகாம இருக்கறது.

எல்ம் மரமும் நம்ம ஆயா மரமும்

உலகம் முழுக்க போன்சாய்க்காரங்க விரும்பற மரங்கள்ல எல்ம் ஒண்ணு. வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலை சின்னதாகும், கிளை பிரிஞ்சு விசிறி மாதிரி விரியும். கடையில விக்கறது பெரும்பாலும் சீன எல்ம். அசல் எல்ம் இந்தியாவுல இமயமலைப் பக்கம்தான் இயல்பா வளருது. நம்ம சமவெளியில கிடையாது.

ஆனா அதே குடும்பத்து மரம் ஒண்ணு நம்ம வரப்போரத்துலயே நிக்குது. அதுதான் ஆயா மரம். சில ஊர்ல ஆவி மரம்னும் சொல்வாங்க. தாவரவியல் பேரு ஹோலோப்டீலியா இன்டெக்ரிஃபோலியா. 'ஹோலோஸ்'னா கிரேக்கத்துல முழுமை, 'ப்டீலியா'ன்னா எல்ம். பேருக்குள்ளயே எல்ம் இருக்கு.

அடையாளம் சுலபம். இலையைக் கசக்குனா ஒரு கெட்ட வாடை அடிக்கும். பட்டை சாம்பல் நிறம். பனிக்காலத்துல இலை கொட்டி மொட்டையா நிக்கும். தை, மாசியில மொட்டைக் கிளையிலயே பூக்கும். அப்புறம் வட்டமா, காகிதம் மாதிரி சிறகு சுத்துன காய் கொத்துக் கொத்தா வந்து காத்துல பறக்கும்.

ஏன் தோண்டி எடுக்கணும்?

காரணம் அடிமரம். தொட்டிக்குள்ள வேருக்கு இடம் இல்லாததால, அடிமரம் ரொம்ப மெதுவாத்தான் பருக்கும். விதையில இருந்து தொட்டியிலயே வளர்த்தா, கை மணிக்கட்டு அளவு தடிமனுக்கே பல வருஷம் காத்திருக்கணும். வரப்புல நிக்கிற மரத்துக்கு அந்தக் கதை வேற. ஆடு கடிக்குது, விறகுக்கு வெட்டறாங்க, மறுபடி துளிர்க்குது. இருபது வருஷம் இப்படியே போனா, இடுப்பு உயரத்துல தொடை தடிமன்ல முறுக்கேறுன ஒரு கட்டை கிடைக்கும். அந்த வயசையும் தழும்பையும் எந்த நர்சரியாலயும் செஞ்சு கொடுக்க முடியாது. இப்படி எடுக்கற மரத்தை ஜப்பான்ல 'யமதோரி'ன்னு சொல்றாங்க. மலையில இருந்து எடுத்ததுன்னு அர்த்தம்.

இங்கிலாந்துல இதுக்கு ஒரு விசித்திரமான கதை இருக்கு. 1970கள்ல டச்சு எல்ம் நோய் பரவி அங்க கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் செத்துப்போச்சு. பட்டை வண்டு சுமந்துட்டு வர்ற பூஞ்சை அது. வண்டு தடிச்ச பட்டை உள்ள வளர்ந்த மரத்தைத்தான் தேடும். அதனால வேலியா கத்தரிச்சு குட்டையா வச்சிருந்த எல்ம்கள் பல தப்பிச்சுது. குட்டையா இருந்ததே உயிர் காத்துது. (நோய்க்கு டச்சுப் பேரு வந்தது, 1920கள்ல அதை முதல்ல ஆராய்ஞ்சது நெதர்லாந்துப் பெண் விஞ்ஞானிகள்ங்கறதால. நோய் அங்க பிறந்ததுங்கறதால இல்ல.)

எதைத் தொடக் கூடாது

இதுல நான் கறாரா இருக்கேன். தெற்கே அமராவதி வனச்சரகம், ஆனைமலை புலிகள் காப்பகம். அங்க இருந்து ஒரு செடி கூட எடுக்கக் கூடாது. 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. அபராதம் மட்டும் இல்ல, ஜெயிலும் உண்டு. வாய்க்கால் கரை, ரோட்டோரம், புறம்போக்கு, கோயில் சுவர், எல்லாத்துக்கும் ஒரு துறை சொந்தக்காரங்க. அவங்க எழுத்துல அனுமதி கொடுக்காம கை வைக்காதீங்க. பட்டா நிலம்னா உரிமையாளர் வாயால "எடுத்துக்க கண்ணு"ன்னு சொல்லணும்.

சட்டத்தைத் தாண்டி எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: நான் எடுக்கலைன்னா இந்த மரம் இருக்குமா? இருக்கும்னா விட்டுட்டு வந்துருவேன். நாளைக்கு ஜேசிபி வரப்போகுது, வீட்டுமனை போடறாங்க, வரப்பை அகலப்படுத்தறாங்கன்னா, அது வேற. பொள்ளாச்சி, திண்டுக்கல் நாலுவழிச் சாலை வேலை நம்ம ஊர் வழியா வந்தப்ப எத்தனை மரம் போச்சுன்னு பார்த்தவங்களுக்கு இது புரியும். பெரிய மரத்தை யாரும் தொட்டிக்குக் கொண்டுபோக முடியாது. அடியில நிக்கிற கட்டைகளையாவது காப்பாத்தலாம்.

எப்போ, எப்படி எடுக்கறது

ஆயா மரத்துக்கு மாசிதான் காலம். இலை இல்ல, மொட்டு வீங்க ஆரம்பிச்சிருக்கும், மரத்தோட சேமிப்பெல்லாம் தண்டுலயும் வேர்லயும் இருக்கும். இலை விட்டப்புறம் எடுத்தா, இலை தண்ணி கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. ஆடியில எடுக்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உடுமலைப் பக்கம் காத்தாடியைச் சுத்தற வேகத்துக்கு, புது மரம் காய்ஞ்சே போயிரும்.

முந்தின நாள் நல்லா தண்ணி விடுங்க. மேல உள்ளதை வெட்டிக் குறைங்க. ஆனா கடைசியா வேணுங்கற உயரத்தைவிட அரை அடி கூட விடுங்க. வெட்டுன நுனி கொஞ்சம் கீழ வரைக்கும் காயும். அடிமரத்துல இருந்து ஓரடி தள்ளி வட்டமா குழி பறிங்க. தடிச்ச வேரைக் கடப்பாரையால பிய்க்காதீங்க. ரம்பத்தால சுத்தமா அறுங்க. பிய்ஞ்ச வேர் அழுகும், அறுத்த வேர்ல இருந்து புது வேர் வரும். எடுத்த உடனே ஈரச் சாக்கு சுத்துங்க.

அவகாசம் இருந்தா இன்னும் நல்ல வழி உண்டு. இந்த மாசியில ஒரு பாதி வட்டம் மட்டும் வெட்டி மண்ணை மூடிருங்க, அடுத்த மாசியில மறுபாதி. அதுக்குள்ள கிட்டத்துலயே சல்லிவேர் வந்திருக்கும்.

மண் கலவை: ஸ்பாஞ்ச் கணக்கு

நிறைய மரம் சாகறது தண்ணி இல்லாம இல்ல, தண்ணி தேங்கி. ஒரு ஈர ஸ்பாஞ்சை எடுத்து, சொட்டு நிக்கிற வரைக்கும் படுக்க வச்சுப் பிடிங்க. அப்புறம் அதையே நிமிர்த்திப் பிடிங்க. மறுபடி தண்ணி சொட்டும். ஏன்னா உயரம் கூடுனா வடிகால் கூடும். ஆழம் குறைஞ்ச தொட்டி, படுக்க வச்ச ஸ்பாஞ்ச் மாதிரி. அடியில தண்ணி நின்னுரும். தோட்டத்துல நல்லா வடியற மண்ணு கூட தொட்டியில சேறாகும். கரிசல்னா கேட்கவே வேண்டாம்.

அதனால கலவையில பருமணி வேணும். நான் போடறது: செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, கடுகுல இருந்து பட்டாணி அளவு வரைக்கும் சலிச்சது, பருமணல் ஒரு பங்கு, கழுவுன தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. தூளைச் சலிச்சு எறியறதுதான் முக்கியம். தென்னைநார்க் கழிவு நம்ம பக்கம் மலிவு, ஆனா உப்பு இருக்கும். மூணு தடவையாவது அலசுங்க. வேரோட வந்த பழைய மண்ணைப் பாதி உதிர்த்துருங்க, மீதியை அடுத்த மாத்து நடவுல எடுத்துக்கலாம். எருவோ உரமோ முதல் வருஷம் வேண்டாம்.

முதல் தொட்டி அழகுத் தொட்டி இல்ல. மரப்பெட்டி, பழைய பிளாஸ்டிக் கூடை போதும். மரம் ஆடாம கயித்தால தொட்டியோட இறுக்கிக் கட்டுங்க. காத்துல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முடி மாதிரி வர்ற புது வேர் அறுந்துட்டே இருக்கும்.

பொய்த் துளிர்

நாலஞ்சு வாரத்துல துளிர் வரும். உடனே சந்தோஷப்படாதீங்க. தண்டுல இருக்கற சேமிப்பை வச்சே மரம் துளிர்க்கும், வேரே இல்லாம கூட. சித்திரை வெயில் வந்ததும் அந்தத் துளிர் தொங்கிரும். அதனால வைகாசி முடியற வரைக்கும் நிழல்வலைக்குக் கீழ, காத்துப் படாத மூலையில வைங்க. வேர் வந்துச்சான்னு பிடுங்கிப் பார்க்காதீங்க. துளிர் முழங்கை நீளம் தாண்டி, இலை விறைப்பா நின்னா வேர் வந்தாச்சு. அந்த வருஷம் ஒரு இலை கூட கத்தரிக்க வேண்டாம். இலைதான் வேருக்குச் சோறு போடுது.

இரண்டாம் வருஷம், தலைமைக் கிளை ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, அதுக்கு மேல உள்ள கட்டையைச் சாய்வா வெட்டுங்க. மூணாம் வருஷம் கம்பி. கிளைத் தடிமன்ல மூணுல ஒரு பங்கு அலுமினியக் கம்பி போதும். பட்டையில பதியறதுக்கு முன்னாடி வெட்டி எடுத்துருங்க, சுத்தி எடுக்காதீங்க. ஒண்ணு மனசுல வைங்க: ஆயா மரத்து இலை இயல்புலயே பெருசு. கத்தரிச்சு வளர்த்தா குறையும், ஆனா சீன எல்ம் அளவுக்கு வராது. அதனால உள்ளங்கை மரம் ஆசைப்படாதீங்க. இரண்டு அடி உயர மரமா வச்சாத்தான் அளவு பொருந்தும்.

இரண்டு நேயர் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் காலையில வேன்ல போய் ராத்திரி வர்ற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எனக்கு இது ஆகுமாண்ணா?" ஆகும் தம்பி, ஒரு மரமா வச்சா. தொட்டி வரைக்கும் ஈரம் போற மாதிரி விடியக்காலையில ஒரு தடவை, வெயில் காலத்துல வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை. ஆனா கோடையில மூணு நாள் ஊருக்குப் போனா, தண்ணி விட ஆள் வேணும். அந்த ஆள் இல்லைன்னா மரத்தை எடுக்காதீங்க.

இன்னொரு அம்மா கேட்டாங்க: "இது மரத்தை வதைக்கறது இல்லீங்களா?" நியாயமான கேள்விங்க. வேரையும் கிளையையும் வெட்டறதால மட்டும் மரம் சாகறதில்ல. ஆடு கடிச்ச வரப்பு மரமும் அப்படித்தான் வாழ்ந்துச்சு. ஆனா வரப்புல அது நம்மளை நம்பி இல்ல. தொட்டிக்கு வந்த நாள்ல இருந்து ஒவ்வொரு குடம் தண்ணிக்கும் நம்மளை நம்பித்தான் நிக்குது. அந்தப் பொறுப்பை எடுக்காம மரத்தை மட்டும் எடுத்தா, அதுதான் வதை.

மரம் எடுக்க ஆள் ஏற்பாடு பண்றதுக்கு முன்னாடி, தண்ணி ஊத்த ஆள் ஏற்பாடு பண்ணுங்க. அடுத்த அத்தியாயத்துல விண்பதியம் போட்டு, மரத்தையே தோண்டாம தடிச்ச கிளையில இருந்து போன்சாய் எடுக்கறதைப் பத்திப் பேசலாம். வரட்டுங்களா.