சீலியாக் நோயுள்ள குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருமா? முன்கூட்டியே அறியும் வழி

சீலியாக் நோய் உறுதி செய்யப்பட்ட குழந்தையின் வீட்டில் முதலில் மாறுவது சமையலறைதான். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி ஆகியவை விலக்கப்படுகின்றன. கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம்கூட மாற்றப்படுகிறது. சில மாதங்களில் வயிற்று உப்பசம் தணிந்து, எடை கூடி, குழந்தை வளரத் தொடங்குகிறது. பெற்றோர் நிம்மதி அடையும் இந்த நேரத்தில் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இக்குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உள்ளதா?

இரு நோய்களின் உறவு

சீலியாக், முதல் வகைச் சர்க்கரை நோய் ஆகிய இரண்டுமே தன்னெதிர்ப்பு நோய்கள். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் உடலின் ஓர் உறுப்பையே தாக்குகிறது. சீலியாக்கில், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் பசையப் புரதம் தூண்டுதலாகி, சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் அழிகின்றன. எச்.எல்.ஏ. மரபணுக்களில் டி.கியூ.2, டி.கியூ.8 எனப்படும் வகைகள் இரு நோய்களுக்கும் பொதுவானவை. அதனால்தான் ஒரே குழந்தையிடமோ ஒரே குடும்பத்திலோ இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன.

சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்குச் சீலியாக் பரிசோதனை செய்வது உலகெங்கும் நிலைபெற்ற வழக்கம். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேரிடம் சீலியாக் கண்டறியப்படுகிறது. சீலியாக் முதலில் வந்த குழந்தைகளுக்கோ அத்தகைய பொது விதி இன்னும் வகுக்கப்படவில்லை. குடும்ப வரலாற்றைக் கருதி மருத்துவரும் பெற்றோரும் கலந்து முடிவு செய்கின்றனர்.

அபாயம் எவ்வளவு?

ஸ்வீடன் நாட்டின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, சீலியாக் உள்ள குழந்தைகளுக்கு 20 வயதுக்குள் முதல் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்ற குழந்தைகளைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு என்று கண்டது. இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடிப்படை வாய்ப்பு மிகச் சிறியது. அது இரு மடங்குக்கு மேல் ஆனாலும், சீலியாக் உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சர்க்கரை நோய் வருவதில்லை. ஆயினும் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ முதல் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு மேலும் கூடும்.

இரத்தம் சொல்லும் முன்னறிவிப்பு

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சர்க்கரை அளவு இன்றைய நிலையை மட்டுமே காட்டும். வரப்போவதை அறியத் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிகளைத் தேட வேண்டும். இன்சுலினுக்கு எதிரானது, ஜி.ஏ.டி. 65, ஐ.ஏ.-2, துத்தநாகக் கடத்தி 8 ஆகியவற்றுக்கு எதிரானவை என இவை நான்கு வகைப்படும். அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ முன்பே இவை இரத்தத்தில் தென்படுகின்றன.

முடிவுகளை மருத்துவர்கள் மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றனர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் இருந்து, சர்க்கரை இயல்பாக இருப்பது முதற்கட்டம். ஆன்டிபாடிகளோடு சர்க்கரை அளவும் ஏறத் தொடங்குவது இரண்டாம் கட்டம். நோய் வெளிப்பட்டுவிட்ட நிலை மூன்றாம் கட்டம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் பத்தாண்டுகளுக்குள் மூன்றாம் கட்டத்தை அடைகின்றனர். ஒன்று மட்டும் இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. சிலருக்கு அது பின்னர் மறைந்தும் போகும். எனவே ஒரு முடிவை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. இரண்டாவது இரத்த மாதிரியால் அதனை உறுதி செய்ய வேண்டும். அதுபோலவே, இன்று ஆன்டிபாடி இல்லை என்பது என்றும் வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

முன்பே அறிவதால் என்ன பயன்?

முதற்பயன், ஆபத்தைத் தவிர்ப்பது. முதல் வகைச் சர்க்கரை நோய் பல குழந்தைகளிடம் கீட்டோ அமிலத்தேக்கம் என்னும் உயிருக்கு ஆபத்தான நிலையில்தான் முதன்முதலாகக் கண்டறியப்படுகிறது. ஜெர்மனியின் பவேரியாவில் 2015 முதல் சிறு குழந்தைகளுக்கு இந்த ஆன்டிபாடி சோதனை நடைபெறுகிறது. அங்கு முன்பே அடையாளம் காணப்பட்ட குழந்தைகளுள் மிகச் சிலரே இந்நிலைக்கு ஆளாயினர்.

இரண்டாவது பயன், நோயைத் தள்ளிப்போடும் வாய்ப்பு. டெப்லிசுமாப் என்னும் மருந்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் அனுமதித்தது. இரண்டாம் கட்டத்திலுள்ள 8 வயதுக்கும் அதற்கும் மேற்பட்டோருக்கென அப்போது அனுமதிக்கப்பட்ட அந்த மருந்து, ஆய்வில் நோய் வெளிப்படுவதைச் சராசரியாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் தாமதப்படுத்தியது. அது எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. விலையும் மிக அதிகம்.

இத்தாலி இவ்விரு நோய்களையும் ஒன்றாகவே அணுகியது. 2023 செப்டம்பரில் இயற்றப்பட்ட 130ஆம் எண் சட்டத்தின் வழியே, குழந்தைகளிடம் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் சீலியாக்குக்கும் நாடு தழுவிய பரிசோதனை நடத்த முடிவெடுத்த முதல் நாடு அது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலும் ஒரே இரத்த மாதிரியில் இரண்டையும் தேடும் திட்டம் 2017 முதல் நடைபெறுகிறது.

சீலியாக் குழந்தைகளிடம் கூடுதல் கவனம்

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய முக்கியச் செய்தி ஒன்று உண்டு. எடை குறைதல், சோர்வு, வயிற்றுவலி, வாந்தி ஆகியவை இரு நோய்களிலும் வரும். 'தவறிப்போய் கோதுமை கலந்த பலகாரம் தின்றிருக்கும்' என்று எண்ணி நாட்களைக் கடத்திவிடும் அபாயம் இதனால் உண்டாகிறது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், அடங்காத தாகம், நின்றிருந்த படுக்கை ஈரம் மீண்டும் தொடங்குதல் ஆகியவை உடன் இருந்தால் அன்றே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குதல், மூச்சில் பழ வாசம், மயக்கம் ஆகியவை தோன்றினால் இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரைய வேண்டும்.

மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பி.ஏ1சி சோதனையிலும் கவனம் தேவை. சீலியாக் குழந்தைகளிடம் இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை மிகுதி. அது இச்சோதனையின் அளவைப் பிழையாகக் கூட்டிக் காட்டக்கூடும். நேரடியாகச் சர்க்கரை அளவையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

பெற்றோர் கேட்கும் இரு கேள்விகள்

குளூட்டன் இல்லா உணவு சர்க்கரை நோயைத் தடுக்குமா? அதற்கு உறுதியான சான்று இல்லை. அவ்வுணவு குடலைக் காக்கவும் வளர்ச்சியை மீட்கவும் அவசியம். அதற்காகவே அதனைத் தொடர வேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டால், கோதுமைக்குப் பதிலாக அரிசி உணவை மட்டும் பெருக்காமல், பருப்பு, காய்கறி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றைச் சேர்த்து உணவியல் நிபுணரின் துணையுடன் திட்டமிட வேண்டும். கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றிலும் இயல்பாகவே குளூட்டன் இல்லை. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அவற்றை அரைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப்பு தின்றதால்தான் இந்நோய் வந்ததா? இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய்க்குக் குழந்தை உண்ட இனிப்போ பெற்றோரின் வளர்ப்போ காரணமன்று.

அடுத்த சந்திப்பில்

குடும்பத்தில் எவருக்கேனும் சர்க்கரை நோய், தைராய்டு நோய், சீலியாக் இருந்தால் அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஆன்டிபாடி சோதனை உங்கள் குழந்தைக்குத் தேவையா, எந்த வயதில், எத்தனை முறை என்று கேளுங்கள். முடிவு நேர்மறையாக வந்தால் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அச்செய்தி தரும் மனச்சுமையையும் தயங்காமல் பகிருங்கள். மேலே கூறிய அறிகுறிகளைத் தாத்தா, பாட்டி, வகுப்பாசிரியர் ஆகியோரும் அறிந்திருக்கச் செய்யுங்கள். பரிசோதனை செய்தாலும் செய்யாவிடினும், குழந்தையைக் காப்பதில் இந்த விழிப்புணர்வுக்கே முதலிடம்.