ஆப்பை டெலீட் பண்ணிட்டா ஓடிடி சந்தா நின்னுடுமா?

ஊத்துக்குளியில் காலை ரயில் ஏறி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர், போன வாரம் தன் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினார். ஒரு ஓடிடி ஆப்புக்கு மாசம் 129 ரூபாய், 12 மாசமாகப் போயிருக்கு. மொத்தம் 1,548 ரூபாய். "ஆப்பை எப்பவோ டெலீட் பண்ணிட்டேனுங்க, அப்புறம் எப்படிங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, போனில் இருக்கும் இரண்டு பூட்டுகளைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

முதல் பூட்டு, கம்பெனியோடது. காசு கட்டிப் பார்க்கிற படம், போனுக்குப் பூட்டப்பட்ட ஃபைலாகத்தான் வருது. நீங்க ப்ளே அழுத்தியதும், சந்தா இருக்கான்னு சர்வர் பார்த்துட்டு சாவியை அனுப்பும். இதுக்குப் பேர் டி.ஆர்.எம். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கூகுளின் வைட்வைன் இருக்கும். சாவியைச் சிப்புக்குள்ளேயே பத்திரமா வைக்கிற போன் எல்1. சாஃப்ட்வேரில் மட்டும் வைக்கிற போன் எல்3. எல்3 போனில் பல ஆப்கள் எச்டி தராது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் 199 ரூபாயிலிருந்து 149-ஆகக் குறைத்த மொபைல் பிளானே 480பி தரம்தான். அதனால போனில் மட்டும் பார்க்கிறவர், எச்டி பிளானுக்குக் காசு கட்டும் முன் தன் போன் எந்த லெவல்னு பார்த்துக்கிட்டா காசு மிச்சம்.

இந்தப் பூட்டு காப்பாத்துறது படத்தை மட்டும்தான். உங்க பணத்துக்கான இரண்டாவது பூட்டை நீங்கதான் போடணும்.

1. ஆட்டோபேயை நிறுத்துங்க. ஆப் வேற, பணம் எடுக்க நீங்க கொடுத்த அனுமதி வேற. ஆப்பை நீக்கினாலும் அனுமதி அப்படியே இருக்கும். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் கேன்சல் பண்ணுங்க. கார்டு கொடுத்திருந்தா பேங்க் ஆப்பிலும், ப்ளே ஸ்டோர் வழியா கட்டியிருந்தா அங்கே 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியிலும் பாருங்க.

2. 24 மணி நேர மெசேஜைப் படிங்க. 2021 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும். ஆனா 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. நண்பருக்கும் மாசாமாசம் மெசேஜ் வந்திருக்கு. விளம்பரம்னு நினைச்சுத் தள்ளிவிட்டுட்டார்!

3. 'ஒரு ரூபாய் ட்ரையல்' எடுக்கும்போது கவனம். பின் போடும் முன், திரையில் அதிகபட்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறைன்னு பாருங்க. நீங்க ஒத்துக்கிறது அந்தத் தொகைக்கு.

4. 'எல்லா ஓடிடியும் வருஷத்துக்கு 300 ரூபாய்'னு டெலிகிராமில் வர்ற ஏபிகே வேண்டாம். படம் பார்க்கிற ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி எதுக்கு? அதைக் கொடுத்தா, உங்க பேங்க் ஓடிபியையும் அது படிக்கும். 300 ரூபாய்க்கு ஆசைப்பட்டு சம்பளக் கணக்கையே திறந்து கொடுத்த மாதிரி ஆயிடும்.

5. பணம் போயிட்டா தாமதிக்காதீங்க. உடனே 1930-க்குக் கூப்பிட்டு, பேங்கிலும் புகார் கொடுங்க. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்க தப்போ பேங்க் தப்போ இல்லாம வெளியாள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னா உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியையோ பின்னையோ நாமே கொடுத்திருந்தா, புகார் கொடுக்கும் வரை போன பணம் நம்ம தலையில்தான்.

நண்பர் அன்னிக்கே ஆட்டோபே பகுதியைத் திறந்தார். நிறுத்த நினைச்சது ஒண்ணு, உள்ளே இருந்தது மூணு! இந்த மாசம் சம்பளம் ஏறின அன்னிக்கு நீங்களும் ஒரு தடவை திறந்து பாருங்க. பார்க்காத ஆப்புக்குப் போற பணத்தை ஒரு ஆர்.டி.யில் போட்டா, வருஷக் கடைசியில் அது உங்க கையில் இருக்கும். உங்க போனில் எத்தனை ஆட்டோபே ஓடுதுன்னு கமெண்டில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!