துரூயிதர் நெறியும் தலமரமும்

எம்பாற் சித்தாந்த பாடங் கேட்டுச் சமயதீக்கையும் பெற்ற மாணாக்கர் ஒருவர் இப்பொழுது இங்கிலாந்தில் வாழ்கின்றார். அந்நாட்டார் சிலர் வெள்ளாடை புனைந்து சோலையொன்றிற் கூடி, வட்டமாய் நின்று, ஞாயிற்றை வரவேற்றதனைக் கண்டதாகச் சென்ற ஆனித் திங்களில் எமக்கு எழுதியிருந்தார். அவர்கள் தம்மைத் துரூயிதர் என வழங்குவராம். தம் சிறு குழுவினைக் ‘கா’ எனப் பொருள்படும் சொல்லாற் குறிப்பராம். ‘இது நம் ஆனைக்காவின் வெண்ணாவல் வழிபாட்டிற்கு இனமாமோ? அழைக்கின்றனர், அடியேன் சேரலாமோ?’ என்பது அவர் வினா. புத்தூரிலிருந்து திருவானைக்காச் சென்று அந்நாவலைத் தொழும்போதெல்லாம் இவ்வினா எம்மைத் தொடர்ந்தமையின், ஆராய்ந்தவற்றை அன்பர்க்கு ஈண்டு உரைப்பாம்.

துரூயிதர் என்பார், இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர், இன்றைய பிரான்சு நாடாகிய காலியாவிலும் பிரித்தானியத் தீவிலும் அயர்லாந்திலும் இருந்த கெல்த்திய மக்களுக்குக் குருமாராயும் வழக்குத் தீர்ப்பாராயும் விளங்கினோர். அப்பெயரின் முதனிலைக்கு ஓக்கு மரம் என்றும் உறுதி என்றும் மொழிநூலார் இருவேறு பொருள் கூறுவர். ‘வித்’ என்னும் ஈற்றுக்கோ அறிதல் என்பதே பொருள். வேதம் என்னும் வடசொல்லின் பகுதியும் அதற்கு உறவாம்.

அவர்களைப் பற்றி விரிவாகக் கூறியவருள் ஒருவர் அவர் நாட்டை வென்ற உரோமைத் தலைவர் ஜூலியஸ் சீசர். அவர் தம் போர்க்குறிப்பின் ஆறாம் பகுதியில் கூறுவன நம்மனோர்க்கு வியப்பளிப்பன. துரூயிதர்பாற் பயில்வோர் சிலர் இருபதாண்டு வரை செய்யுள்களை மனத்திலே பதித்தனர். ஏனைக் காரியங்கட்குக் கிரேக்க எழுத்தை வழங்கியும், சமயப் பொருளை எழுதுதல் தகாதென விலக்கினர். நம் மறைக்கு எழுதாக்கிளவி என்னும் பெயருண்மையை ஈண்டு நினைக. மடத்தில் யாம் பயின்ற நாளிலும், ஏட்டைக் கையிலெடுக்குமுன் செய்யுளை வாய்பாடமாக ஒப்பித்தல் வேண்டும் என்பது கட்டளை. ஆதலின் இருபதாண்டு என்பதனை மிகையெனக் கொள்ளேம். உயிர் அழியாது, ஓருடம்பு விட்டு மற்றோருடம்பு புகும் என்பதும் அவர் கோட்பாடு.

பிளினி என்பார் ஓக்கு மரத்திற் படர்ந்த புல்லுருவியை வெள்ளாடை அணிந்த துரூயிதர் பிறையின் ஆறாம் நாளிற் பொன்னரிவாளாற் கொய்து, வெள்ளேறு இரண்டைப் பலியிட்டனர் என்கின்றார். நரபலியும் இட்டனர் எனச் சீசர் கூறுவர். பகைவர் கூற்றாதலின் எத்துணை கொள்ளத்தக்கது என்பது ஆய்வுக்குரியது. ஏற்றின் பலியைக் கேட்டு முகஞ்சுளிப்போர், மாசித் திருவிழாவில் எம் புத்தூர்க் குழுமாயியம்மன் முன் ஆட்டுக்குட்டிகள் படும் பாட்டையும் உடன் நினைத்தல் நன்று. இக்காலத் துரூயிதரிடத்துப் பலி இல்லை.

உரோமை மன்னர் டைபீரியஸும் கிளாடியஸும் இவர்களை ஒடுக்கினர். கி.பி. 60-ஐ ஒட்டி, வேல்ஸ் நாட்டை அடுத்த மோனாத் தீவிற்குப் படை சென்று அங்கிருந்த காக்களை வெட்டி வீழ்த்தியதனை டாசிட்டஸ் வரைந்துள்ளார். பின்னர்க் கிறித்து சமயமும் பரவிற்று. எழுத்தில் வையாமையின், ஓதுவார் மாய்ந்த அளவில் ஓதப்பட்டதும் மாய்ந்தது. அவர்தம் நூலென ஒரு செய்யுளேனும் இன்று இல்லை. தில்லையிற் செல்லரித்த ஏட்டினின்றும் நம்பியாண்டார் நம்பிகள் தேவாரத்தை எடுத்தளித்த வரலாற்றினை இதனோடு வைத்து நோக்குக. எஞ்சியது ஒரு கூறே என்பர். ஏடு என ஒன்று இருந்தமையாலன்றோ அக்கூறேனும் எஞ்சியது?

அற்றேல் இன்றைய துரூயிதர் எங்ஙனம் தோன்றினர்? எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826) என்பவர் வேல்ஸ் நாட்டுக் கற்றச்சர். யோலோ மொர்கானுக் எனப் புனைபெயர் பூண்டவர். சுவடி தேடுவதிற் பேரார்வமும் தாய்மொழிப் பாவில் வன்மையும் உடையவர். இவர் 1792-இல் இலண்டனிலுள்ள பிரிம்ரோஸ் குன்றிற் சிறு கற்களை வட்டமாக இட்டுப் பாணர் பேரவை ஒன்று கூட்டி, இது துரூயிதர் காலந்தொட்டுத் தம் நாட்டில் அறாது வந்த முறை என்றார். உலகம் நம்பிற்று. 1819-இல் அச்சடங்கு வேல்ஸ் நாட்டுக் கலைவிழாவோடு இணைந்து இன்றளவும் நிகழ்கின்றது. இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பேராசிரியர் ஜி. ஜே. வில்லியம்ஸ் சுவடிகளை ஆராய்ந்து, பழம்பாணர் பெயரால் அவர் வெளியிட்டவற்றுட் பல அவரே புனைந்தன என நிறுவினார். தம் பெயரால் வெளியிட்டிருப்பின் பெரும்புலவரெனப் போற்றப்பட்டிருப்பார். பழமை வேட்கை அவரைப் பொய் கூறச் செய்தது. இடைச்செருகல் செய்தோரை நம் ஏடுகளிலும் கண்டுள்ளோமாதலின், இவரை மட்டும் இகழ்தற்கு எமக்கு நாவெழவில்லை.

பெரிதும் அறியப்பட்ட இக்காலச் சங்கம் 1964-இல் ராஸ் நிக்கல்ஸ் என்பவரால் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. 1975-இல் அவர் மறைந்தபின் அடங்கியிருந்து, 1988-இற் பிலிப் கார்-காம் என்பவரால் மீண்டும் தளிர்த்தது. 2020-இல் தலைமை ஐமிர் பர்க் அம்மையாரிடஞ் சென்றது. பாணர், ஓவேட்டர், துரூயிதர் என மூன்று படிகள், பாடங்கள் அஞ்சல்வழி. வேறு சங்கங்களும் உள. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் 1963-இல் மாணவர் சிலர், கட்டாய வழிபாட்டை எதிர்த்து விளையாட்டாகத் தொடங்கிய துரூயிதர் குழு, கட்டாயம் நீங்கிய பின்னும் நீங்காது நின்றது! இங்கிலாந்தின் அறநிலைய ஆணையம் 2010-இல் துரூயிதர் கூட்டமைப்பு ஒன்றினைச் சமய அறநிலையமாக ஏற்றது.

இவர்கள் ஆண்டில் எட்டு விழாக் கொள்வர்: அயனத் தொடக்கம் இரண்டு, பகலிரவு ஒக்கும் நாள் இரண்டு, பழங்கெல்த்தியப் பருவவிழா நான்கு. நம் மார்கழித் திருவாதிரையும் ஆனித் திருமஞ்சனமும் அயன எல்லைகளை அடுத்து வருதலை அறிந்தார்க்கு இது புதிதன்று. வட்டமாய் நின்று நாற்றிசைக்கும் அமைதி வேண்டுதலும், ‘ஆவென்’ எனச் சேர்ந்தொலித்தலும், மரம் நடுதலும் அவர் ஒழுக்கம். ஆவென் என்பது பாவலர்க்கு எழும் அருள் எனப் பொருள்படும் பழஞ்சொல்லே. அதற்குக் குறியாக வரையும் மூன்று கதிர் மட்டும் வில்லியம்ஸ் ஆக்கம். இதனைப் பிரணவமென விரைந்து கூறுவார்க்கு யாம் உடன்படேம். நிலத்தையும் முன்னோரையும் பேணலும், உள்ளத்திற் பாவெழுச்சி பெறலும் அவர் நோக்கங்கள். கடவுள் ஒன்றென்பாரும் பலவென்பாரும் இலதென்பாரும் ஒரே வட்டத்தில் நிற்பர்.

ஈண்டே வேறுபாடு புலனாம். மரம் ஓரறிவுயிர், பசு. ஆனைக்காவில் நாவலும், பராய்த்துறையிற் பராயும், பைஞ்ஞீலியில் ஞீலிவாழையும் வணங்கப்படுதல் அவை பதியாதல் பற்றியன்று. பதி ஆண்டு விளங்கி நின்று அருளுதல் பற்றி என்க. திருவேடமும் ஆலயமும் அரனெனத் தொழப்படும் எனச் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் கூறும் முறையே இதற்கும் முறை. துரூயிதர் மறுபிறப்பை உடன்பட்டாராயினும், சீசர் கூற்றில் அது சாவச்சம் நீக்குங் கருவியாகவே நிற்கின்றது. வினையும் மலமும் வீடும் அங்குப் பேசப்பட்டில. ஆதலின் இனமென்றல் சாலாது. இரு மருங்கினும் மரத்தின்முன் மனந் தாழ்தல் உண்டு, அவ்வளவே ஒப்பு.

பரம்பரை அறுந்ததென்பதனை அவர்தம் சங்கத்தார் இன்று மறைப்பதில்லை. கிடைத்தவற்றைக் கொண்டு புதிதாய்க் கட்டுகின்றோம் என்றே கூறுகின்றனர். வில்லியம்ஸின் பொய்யினும் இவ்வாய்மை மேலானது. ஆயினும், தீக்கை என்பது கொடுப்பார் ஒருவர் முன் பெற்றிருந்தாலன்றி அமையாது.

இவையெல்லாம் எழுதி, மாணாக்கர்க்கு யாம் விடுத்த விடை இது: ‘மரம் நட அழைப்பின் தடையின்றிச் செல்க, நீர் சுமக்க. வட்டத்தில் நிற்க நேரின், அவர் ஆவென் ஒலிக்கும்போது அஞ்செழுத்தை உள்ளே எண்ணி நிற்க. படியேறும் சடங்கு கொள்ளற்க. முன்னரே ஒன்று பெற்றுளீர்.’ அவர் மறுமடல் வந்தது. கார்த்திகையில் ஓக்கு நாற்று நட்டனராம்; குழி தோண்டியவர் அவர்தாமாம்.