பத்தாயிரம் முறை முட்டி நின்ற மனுஷன்!

2007 ஏப்ரல் 28. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கு ஜொலிக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் நாள். புது கோட்டு சூட்டு, கேமரா வெளிச்சம், கட்டிப்பிடித்து அழும் அம்மாக்கள் என ஏகக் கோலாகலம். மூன்றாவதாக அறிவித்த பெயர், ஜோ தாமஸ். ஆள் எங்கே? மிச்சிகன் ஏரியில் அப்பாவோடு படகில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்! லீக் அழைத்தும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் விஸ்கான்சின்காரர். இந்த ஒன்றுக்காகவே நான் அவருடைய ரசிகர் மன்றத்தில் சேரத் தயார்.

ஜோ ஆடிய இடம் லெஃப்ட் டேக்கிள். வலக்கைக்கார குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பினால், இடப்பக்கம் என்ன வருகிறது என்றே அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கமிருந்து பாய்கிற ராட்சசர்களை மறிப்பதுதான் ஜோவின் பிழைப்பு. பாஸ் பிடித்துப் பேர் வாங்கலாம் என்றால் அதுவும் நடக்காது. இவருடைய சட்டை எண் 73. 50 முதல் 79 வரை எண் உள்ளவர்கள் நடுவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் பாஸ் பிடிக்கக் கூடாது என்பது விதி. கல்யாண வீட்டு சமையல் மாஸ்டர் கதைதான்: சாம்பாரில் உப்பு கரித்தால் மட்டும் 'யாருப்பா மாஸ்டர்?' என்று தேடுவார்கள்.

அந்தக் கால் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்களேன். பந்து அசைந்ததும் இடது கால் பின்னால் எட்டிப் போகும், வலது கால் தரையை உரசியபடி கூடவே சறுக்கும். முட்டி மடங்கியே இருக்க வேண்டும், கால்கள் ஒன்றோடொன்று பின்னக் கூடாது, இரண்டு கையும் எதிராளியின் நெஞ்சில் சரியான நொடியில் இறங்க வேண்டும். எதிராளி முன்னோக்கி ஓடி வருவான். ஜோ பின்னோக்கிப் போய்க்கொண்டே அவனைத் தடுக்க வேண்டும்! அதுவும் சுமார் 141 கிலோ உடம்போடு!

இதை இடைவெளியே இல்லாமல் எத்தனை தடவை செய்தார் தெரியுமா? 10,363! பந்தை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்; முதல் ஆட்டத்திலிருந்து ஒரு ஸ்னாப்பைக்கூட விடாமல் களத்தில் நின்றார். 2017 அக்டோபர் 22 அன்று டென்னஸி டைட்டன்ஸுக்கு எதிராக இடது கையின் ட்ரைசெப்ஸ் தசை கிழிந்தபோதுதான் அந்த எண்ணிக்கை நின்றது.

இத்தனையும் யாருக்காக? கிளீவ்லேண்ட் பிரௌன்ஸுக்காக! 2016-ல் 16 ஆட்டத்தில் 1 வெற்றி, 2017-ல் அதுவும் கிடையாது. ஜோ இருந்த காலத்தில் 6 தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், ஆட்டம் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் மட்டும் 20 பேர். சாம்பியன் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை. ஆனாலும் முதல் 10 சீசனிலும் ப்ரோ பௌல் நட்சத்திர அணிக்குத் தேர்வானார். தோற்கிற அணியில் மறித்து நிற்கும் லைன்மேனை வருஷம் தவறாமல் கூப்பிடுகிறார்கள் என்றால் அவர் வேலை எப்படி இருந்திருக்க வேண்டும்!

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி சாப்பாடுதான். அந்த எடை தானாக நிற்காது. காலையிலிருந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கப் போகுமுன் குக்கீஸும் பாலும். கேட்க சொர்க்கம்! பசியில்லாத நாளிலும் தின்றாக வேண்டும் என்பதை யோசித்தால்தான் அதுவும் ஒரு டூட்டி என்று உறைக்கிறது.

2018 மார்ச்சில் ஓய்வு. உடனே தட்டில் மாவுச்சத்தைக் குறைத்தார், இடையிடையே பட்டினி இருந்தார், நீச்சல், சைக்கிள், யோகா என்று இறங்கினார். 20 கிலோவுக்கும் மேல் கரைந்து, என்.எஃப்.எல். நெட்வொர்க் டிவியில் விமர்சகராக வந்து உட்கார்ந்தபோது, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் அடையாளமே தெரிந்தது.

2023-ல், தகுதி பெற்ற முதல் வருஷமே, ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். கிளீவ்லேண்டிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கேன்டன் ஊரின் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தாயிற்று. இந்த மேடைக்கு மட்டும் ஆள் தவறாமல் வந்துவிட்டார்! அங்கே வைப்பது மார்பளவுச் சிலைதான். நல்லவேளை, தொப்பையோடு செய்வதா, இல்லாமல் செய்வதா என்று சிற்பி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.